செவ்வியல் இசைப் பதிவுகளைத் தேர்ந்தெடுக்க எந்த அச்சுக் கையேடு? ஓர் ஒப்பீடு

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை ஒரு நல்ல பதிவில் கேட்க விரும்புகிறவர் முன்னால் நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகள் வந்து நிற்கின்றன. ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்தும் நடத்துநர் வேறு, ஆர்கெஸ்ட்ரா வேறு, பதிவான ஆண்டு வேறு. சில சமயம் நடத்துநரும் ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றாகவே இருக்க, ஆண்டு மட்டும் மாறியிருக்கும். நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் கரயான் பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் ஸ்டுடியோவில் நான்கு முறை முழுமையாகப் பதிவு செய்திருக்கிறார்: 1950-களில் லண்டனின் ஃபில்ஹார்மோனியாவுடன் ஒருமுறை, பிறகு 1960-கள், 70-கள், 80-களில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் மூன்று முறை. ஆகவே “கரயான் நடத்திய ஐந்தாம் சிம்பொனி” என்று யாராவது பரிந்துரைத்தால், அது பாதிப் பரிந்துரைதான்.

இந்தத் திகைப்பைத் தீர்க்கவே அச்சுக் கையேடுகள் தோன்றின. ஆனால் கையேடுகளிலும் பல வகை இருப்பதால், எந்தப் பதிவு என்ற கேள்வி எந்தக் கையேடு என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. தடித்த பெருங்கையேடு, மாத விமர்சன இதழ், ஒரே விமர்சகரின் தேர்வு நூல், ஒரே படைப்பின் பதிவுகளை அருகருகே வைத்து எழுதப்படும் ஒப்பீட்டுக் கட்டுரை ஆகிய நான்குமே முக்கியமானவை. பழைய புத்தகக் கடையில் ஒரு கையேட்டைக் கையில் எடுத்து, வாங்கலாமா என்று யோசிப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, பரப்பு. எத்தனை படைப்புகளை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பதிவுகளைக் கையேடு தொடுகிறது என்பது இது. எளிதாக அளக்க முடிவதால் எல்லோரும் இதையே முதலில் பார்க்கிறார்கள். எனக்கு இது கடைசியில் பார்க்க வேண்டியதாகப் படுகிறது.

இரண்டாவது, கேட்ட முறை. விமர்சகர் ஒரு பதிவைத் தனியாகக் கேட்டு எழுதினாரா, மற்றவற்றோடு ஒப்பிட்டுக் கேட்டு எழுதினாரா? தனியாகக் கேட்கும்போது திறமையான வாசிப்பு எதுவுமே நன்றாகத்தான் தோன்றும். இசையின் ஒரே பகுதியை ஐந்து பேர் வாசிக்கக் கேட்ட பிறகுதான் யார் எதைக் கவனித்தார், யார் எதைக் கடந்து போனார் என்பது தெரியவரும்.

மூன்றாவது, வாசிக்கப்படும் வடிவத்தைப் பற்றிய தகவல். புரூக்னரின் நான்காம் சிம்பொனியின் 1874-ஆம் ஆண்டு வடிவத்தில் உள்ள ஸ்கெர்ட்ஸோ (துள்ளலான மூன்றாம் பகுதி), இன்று பெரும்பாலோர் அறிந்த வேட்டைக் கொம்பு ஸ்கெர்ட்ஸோ அன்று. அது முற்றிலும் வேறு இசை. மொசார்ட் முடிக்காமல் விட்ட ரெக்வியெமை (இறந்தோருக்கான வழிபாட்டு இசை) ஸுஸ்மாயர் நிறைவு செய்தபடி வாசிக்கிறார்களா, பின்னால் வந்த வேறொருவர் நிறைவு செய்தபடியா என்பதும் இத்தகையதே. இதைச் சொல்லாத கையேடு, இரண்டு வெவ்வேறு படைப்புகளுக்கு ஒரே தராசில் மதிப்பெண் போடுகிறது.

நான்காவது, ஒலித்தரம். ஃபுர்ட்வேங்லர் 1951-இல் ஜெர்மனியின் பைராய்ட்டில் நடத்திய பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி மோனோவில் (ஒற்றை ஒலித்தடத்தில்), அரங்கச் சத்தங்களோடு பதிவானது. அதைப் பொறுத்துக்கொண்டு கேட்பவருக்கு அது பெருஞ்செல்வம். ஒலித்தெளிவை முதன்மையாகக் கருதுகிறவருக்கு அது ஏமாற்றம். வாசிப்பின் தரத்தையும் ஒலியின் தரத்தையும் கையேடு பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, பதிவைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் விவரம்: கலைஞர், ஆர்கெஸ்ட்ரா, பதிவான ஆண்டு. வெளியான ஆண்டு மட்டும் இருந்தால் போதாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, விமர்சகரின் ரசனை நமக்குப் புலப்படுகிறதா என்பதைப் பார்க்கிறேன். காரணம் சொல்லிப் பாராட்டினால், அந்தக் காரணத்தை நாம் ஏற்கவும் மறுக்கவும் முடியும். வெறும் நட்சத்திரத்தோடு வாதாட வழியில்லை.

## பெருங்கையேடு

இந்த வகையில் மிகவும் பெயர் பெற்றது பிரிட்டனின் பெங்குவின் கையேடு. எட்வர்ட் கிரீன்ஃபீல்ட், ஐவன் மார்ச் முதலானோர் 1960-இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகளுக்காக ஒரு கையேட்டைத் தொடங்கினார்கள்; ராபர்ட் லேட்டன் பின்னர் இணைந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் சந்தைக்கு வந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1975-இல் அது பெங்குவின் வெளியீடாயிற்று. பிந்தைய பதிப்புகள் ஆயிரம் பக்கங்களைத் தாண்டின. நீண்ட காலம் அதிகபட்சம் மூன்று நட்சத்திரம். அதற்கும் மேலே, ஆசிரியர்களின் மனத்தை மிகவும் தொட்ட பதிவுகளுக்கு ரோஸெட் என்ற சிறு பூ. புதிய பதிப்புகள் வருவது ஏறத்தாழ 2010-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது; பழைய பிரதிகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

பரப்பில் இதற்கு ஈடில்லை. பெயரே கேள்விப்படாத இசையமைப்பாளரின் இரண்டு குவார்டெட்டுகளை (நால்வர் வாசிக்கும் படைப்புகளை) பற்றி அறிய வேண்டுமானாலும் பக்கத்தைப் புரட்டினால் ஏதாவது கிடைக்கும். கிரீன்ஃபீல்ட், லேட்டன், மார்ச் மூவரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து எழுதியதால், தொடர்ந்து படிப்பவருக்கு அவர்களுடைய ரசனை மெல்ல மெல்லப் பிடிபட்டுவிடும். பிரிட்டிஷ் கலைஞர்கள்மீதும் பிரிட்டிஷ் இசைமீதும் அவர்களுக்குச் சாய்வு அதிகம் என்பது பரவலாகச் சொல்லப்படும் குறை. குறை உண்மைதான், ஆனால் தெரிந்த சாய்வை வாசகர் கழித்துவிட்டுப் படிக்கலாம். தெரியாத சாய்வே வழி தவறச் செய்யும்.

மறைந்திருக்கும் செலவு வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆயிரம் பக்கங்களில் பல்லாயிரம் பதிவுகளை அடக்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வரிகள்தான் மிஞ்சும். அந்த வரிகளில் “கூர்மையான தாளக்கட்டு, வெதுவெதுப்பான ஒலி, தயங்காமல் வாங்கலாம்” என்ற தோரணையில் ஒரே மாதிரியான சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. விரைவிலேயே கண் சொற்களைத் தாண்டி நட்சத்திரங்களை எண்ணத் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலான பதிவுகள் மூன்று நட்சத்திரம் பெற்றிருக்கும்போது எண்ணிப் பயனில்லை.

இதில் நான் பட்ட அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஷூபர்ட்டின் கடைசிப் பியானோ சொனாட்டாவை, பி-ஃபிளாட் மேஜரில் அமைந்த டி. 960-ஐ (ஷூபர்ட் படைப்புப் பட்டியலில் அதன் எண்), ஒரு பெருங்கையேட்டின் மூன்று நட்சத்திரங்களை நம்பி வாங்கினேன். பல ஆண்டுகள் அந்த ஒரே பதிவைக் கேட்டு, அதன் ஒவ்வொரு நொடியும் எனக்கு மனப்பாடம் என்றே எண்ணியிருந்தேன். பிறகு ஒருநாள் பியானோ கலைஞர் ஸ்வியாத்தஸ்லாவ் ரிக்டரின் பதிவைக் கேட்டபோது, முதல் மூவ்மென்ட்டின் (பகுதியின்) நடுவே நான் கேட்டிராத இசை வந்தது. தொடக்கத்தில் இடக்கையின் அடியாழத்தில் மிக மென்மையாக அதிரும் அந்த ட்ரில் (அடுத்தடுத்த இரு சுரங்கள் விரைந்து மாறிமாறி ஒலிப்பது), இங்கே முழு வலிமையோடு இடிபோல் வெடித்தது. ஏதோ தவறு என்று எண்ணித் திரும்பவும் ஓடவிட்டுக் கேட்டேன்.

தவறு எதுவும் இல்லை. மூவ்மென்ட்டின் முதற்பகுதியை மீண்டும் வாசிக்கும்படி ஷூபர்ட் குறித்திருக்கிறார்; திரும்பிச் செல்வதற்கான பாதையாக ஒன்பது அளவுகள் (தாளக் கட்டங்கள்) கொண்ட இணைப்பையும் எழுதியிருக்கிறார். அந்த ட்ரில் உரக்க ஒலிப்பது அந்த ஒன்பது அளவுகளுக்குள் மட்டுமே. மறுவாசிப்பை விட்டுவிடும் கலைஞர் அந்த இணைப்பையும் விட்டுவிடுகிறார். அப்படி விடுவது பிழையும் அன்று. ஆல்ஃப்ரெட் பிரெண்டல் போன்ற பெருங்கலைஞர் அதற்கான நியாயங்களை விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். என் கையேட்டின் நான்கு வரிகளில் அதற்கு இடமிருக்கவில்லை.

பழைய பதிப்பை வாங்குகிறவர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. அதில் அச்சிட்ட தட்டு எண்களும் நிறுவனப் பெயர்களும் இன்று பெரும்பாலும் செல்லாதவை. இஎம்ஐ-யின் செவ்வியல் பதிவுகள் 2013-இல் வார்னரிடம் சென்றன. ஃபிலிப்ஸ் பெயரில் வந்தவை இன்று டெக்கா பெயரில் வெளியாகின்றன. எண்ணைக் குறித்துக்கொண்டு தேடினால் எதுவும் அகப்படாது. கலைஞர், ஆர்கெஸ்ட்ரா, பதிவான ஆண்டு மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

## மாத விமர்சன இதழ்

காம்ப்டன் மெக்கன்ஸி 1923-இல் தொடங்கிய பிரிட்டனின் கிராமஃபோன் இதழ் இந்த வகைக்கு முன்னோடி. நூறாண்டு கடந்தும் அது வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1977-இல் தோன்றிய ஃபேன்ஃபேர், ஒரே பதிவைச் சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட விமர்சகர்களிடம் கொடுத்து எழுத வைப்பதால் தனித்து நிற்கிறது. இரு விமர்சகர்கள் ஒரே தட்டைப் பற்றி முரண்படுவதை அடுத்தடுத்துப் படிப்பது, ஒருமனதான பாராட்டைப் படிப்பதைவிட அதிகம் கற்றுத்தருகிறது.

இதழின் பலம் இடவசதி. ஒரு பதிவுக்கு முந்நூறு, நானூறு சொற்கள் கிடைப்பதால், வடிவம், வேகம், மறுவாசிப்பு, அரங்கின் ஒலி எல்லாவற்றையும் பேச முடிகிறது. பலவீனம், அது புதியதை மட்டுமே பார்ப்பது. ஷூபர்ட்டின் அந்தச் சொனாட்டாவுக்கு எது சிறந்த பதிவு என்ற கேள்வியோடு இந்த மாத இதழைத் திறந்தால், இந்த மாதம் வந்த ஷூபர்ட் தட்டைப் பற்றி மட்டுமே விடை கிடைக்கும். பத்தாண்டு இதழ்களைச் சேர்த்து வைத்து, ஆண்டுப் பொருளடைவின் துணையோடு தேடுகிறவருக்குத்தான் இதழ் கையேடாகிறது. சந்தாத் தொகையோடு அலமாரி இடத்தையும், தேடும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தனியாகக் கேட்டு எழுதும் முறைக்கு உள்ள ஆபத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜாய்ஸ் ஹாட்டோ என்ற ஆங்கிலேயப் பியானோ கலைஞரின் பெயரில், அவருடைய கணவர் நடத்திய சிறு நிறுவனம் 2000-களில் ஏராளமான குறுந்தட்டுகளை வெளியிட்டது. நோயோடு போராடியபடி இத்தனை கடினமான படைப்புகளையும் ஒருவர் பதிவு செய்தார் என்ற செய்தி பலரை நெகிழ வைத்தது. விமர்சகர்கள் சிலர் வியந்து எழுதினார்கள். ஹாட்டோ மறைந்த பின், 2007 பிப்ரவரியில், அவற்றில் ஒரு தட்டைக் கணினியில் இட்டபோது அது வேறொரு கலைஞரின் பெயரைக் காட்டியது. தொடர்ந்து ஆராய்ந்ததில், பல தட்டுகள் மற்றவர்களின் பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்று தெரியவந்தது. அந்த விமர்சகர்கள் செவி இல்லாதவர்கள் அல்லர். பாராட்டப்பட்ட வாசிப்புகளும் உண்மையில் நல்ல வாசிப்புகளே. உறையில் உள்ள பெயரும் அதன் பின்னுள்ள கதையும் செவியோடு சேர்ந்து தீர்ப்பெழுதின என்பதே இதில் கவனிக்க வேண்டியது. அருகருகே வைத்துக் கேட்கும் முறை இந்த மயக்கத்தை முழுதாக நீக்காது என்றாலும் குறைக்கிறது.

இன்றைய கலைஞர்களைப் பின்தொடர விரும்புகிறவருக்கும், அடிப்படையான பதிவுகளை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கும் இதழே ஏற்றது. முதல் பத்துத் தட்டுகளைத் தேடுகிறவருக்கு அது பொருந்தாது.

## ஒரே விமர்சகரின் தேர்வு நூல்

நூறு அல்லது ஐந்நூறு பதிவுகளை ஒருவரே தேர்ந்தெடுத்து, படைப்புக்கு ஒரு பதிவு என்ற கணக்கில் எழுதும் சிறு நூல் இது. தொடக்கநிலையில் இருப்பவரின் மிகப் பெரிய இடர் தேர்வு மிகுதி. அதை இந்த நூல் ஒரே அடியில் நீக்கிவிடுகிறது. படிக்கவும் இனிமையாக இருக்கும்.

செலவு என்னவென்றால், தள்ளப்பட்டவற்றை நாம் பார்ப்பதே இல்லை. பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸுக்கு ஒரே பதிவு என்று கட்டாயப்படுத்தினால் பெரும்பாலோர் பியானோ கலைஞர் க்ளென் கூல்டையே சொல்வார்கள். ஆனால் எந்தக் கூல்ட்? 1955-இல் பதிவு செய்தது மறுவாசிப்புகள் எதுவுமின்றி ஏறத்தாழ 38 நிமிடங்களில் பாய்ந்து முடிகிறது. 1981-இல் பதிவு செய்தது சுமார் 51 நிமிடங்கள், தொடக்கத்து ஏரியாவே நின்று நிதானித்து நடக்கிறது. இரண்டிலும் அவர் முனகுவது கேட்கும். ஹார்ப்ஸிகார்டில் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம்) கேட்க விரும்புகிறவருக்கு இரண்டுமே விடையாகாது. ஒற்றைப் பரிந்துரை இந்தக் கேள்விகளை வாசகரிடமிருந்து மறைத்துவிடுகிறது.

## ஒரே படைப்பைப் பற்றிய ஒப்பீட்டுக் கட்டுரை

ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, கிடைக்கும் பதிவுகளையெல்லாம் அருகருகே வைத்துக் கேட்டு எழுதுவது இந்த முறை. பிபிசி வானொலி இதை 1957 முதல் நிகழ்ச்சியாக நடத்திவருகிறது. அத்தகைய உரைகள் அச்சிலும் வந்திருக்கின்றன, இதழ்களும் இத்தகைய நீண்ட கட்டுரைகளை வெளியிடுகின்றன. ஒரு குறிப்பிட்ட படைப்புக்குப் பதிவு தேடுகிறவருக்கு இதைவிடச் சிறந்த துணை எனக்குத் தெரியவில்லை.

காரணம், இது முதலில் படைப்பைப் பற்றிப் பேசுகிறது. எந்த இடத்தில் கலைஞர்கள் பிரிகிறார்கள் என்று காட்டிவிட்டு, அதன் பிறகே யார் எந்தப் பக்கம் என்று சொல்கிறது. டி. 960-ஐப் பற்றி இப்படி எழுதுகிறவர் அந்த ஒன்பது அளவுகளைப் பற்றிச் சொல்லாமல் போகவே முடியாது. மறுவாசிப்போடு, மிக நிதானமான வேகத்தில், ரிக்டருக்கு முதல் மூவ்மென்ட் மட்டுமே ஏறத்தாழ 24 நிமிடங்கள் எடுக்கிறது. அதை விட்டுவிடுகிறவர்கள் பலர் 15 நிமிடங்களுக்குள் முடித்துவிடுகிறார்கள். இதைப் படித்த வாசகருக்கு, தனக்கு எது வேண்டும் என்பது எந்த நட்சத்திரமும் இல்லாமலே தெரிந்துவிடுகிறது. கட்டுரையாசிரியர் இறுதியில் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பது அதற்குப் பிறகு அவ்வளவு முக்கியமில்லை; அவர் தள்ளிய பதிவை, அவர் சொன்ன காரணத்துக்காகவே நான் வாங்கியதும் உண்டு.

குறைகளும் சிறியவை அல்ல. தேடும் படைப்புக்குக் கட்டுரை இருந்தால்தான் உதவி. புகழ்பெற்ற படைப்புகளுக்கு மூன்று நான்கு இருக்கும், அரிய படைப்புக்கு ஒன்றும் இராது. கட்டுரை எழுதிய ஆண்டையும் பார்க்க வேண்டும். நடத்துநர் ரோஜர் நாரிங்டன் 1980-களின் பிற்பகுதியில் பீத்தோவன் காலத்து வாத்தியங்களோடு, பீத்தோவனே குறித்த மெட்ரோனோம் (வேகம் காட்டும் கருவி) வேகங்களை ஒட்டி சிம்பொனிகளைப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஜான் எலியட் கார்டினரும் அதே திசையில் சென்றார். அதற்கு முன் எழுதிய பீத்தோவன் ஒப்பீடு எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் அரைச் சித்திரம்தான். அதற்காக அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 1974-இல் கார்லோஸ் கிளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் பதிவு செய்த ஐந்தாம் சிம்பொனி நாரிங்டனுக்குப் பிறகும் பரிந்துரைகளில் நிலைத்தே இருக்கிறது.

## எந்த நிலையில் எது

இப்போதுதான் கேட்கத் தொடங்குகிறீர்கள், எந்தப் படைப்பைக் கேட்பது என்பதே கேள்வி என்றால், ஒரே விமர்சகரின் தேர்வு நூல் போதும். ஓராண்டு அதோடு பழகிய பிறகு அதை விட்டு விலகிவிடுங்கள்.

ஒரு படைப்பை ஏற்கெனவே நேசிக்கிறீர்கள், அதன் இரண்டாவது பதிவைத் தேடுகிறீர்கள் என்றால், ஒப்பீட்டுக் கட்டுரையைத் தேடிப் பிடியுங்கள். இரண்டாவது பதிவு முதலாவதிலிருந்து வேறுபட வேண்டும். எதில் வேறுபடும் என்பதை நட்சத்திரம் சொல்லாது.

அதிகம் அறியப்படாத இசையமைப்பாளர்களிடம் ஆர்வம் இருந்தால், பெருங்கையேட்டின் பழைய பதிப்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவுக்கு ஜாக்குலின் டு ப்ரே 1965-இல் பார்பிரோலியுடன் செய்த பதிவை எந்தக் கையேடும் சொல்லிவிடும். அதற்காக ஆயிரம் பக்கம் வேண்டியதில்லை. ஒரே ஒரு பதிவு மட்டுமே உள்ள படைப்புகளைப் பற்றிய பக்கங்களில்தான் பெருங்கையேடு தன் விலையைத் திருப்பித் தருகிறது.

ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் கிடைக்கும்போது கையேடு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தவறாகத் தேர்ந்தால் பணம் வீணாகும் என்ற அச்சம் போய்விட்டது உண்மைதான். ஆனால் திரையில் தெரியும் ஆண்டு பெரும்பாலும் மறுவெளியீட்டின் ஆண்டு. எந்தக் கரயான், எந்தக் கூல்ட், புரூக்னரின் எந்த வடிவம் என்பதை அங்கே கண்டறிவது கடினம். கையேட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அது புகழும் பதிவையும் குறை சொல்லும் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பு முந்தைய தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. கையேட்டின் சொற்களைச் செவியால் சரிபார்க்க இப்போதுதான் முடிகிறது.

எந்தக் கையேட்டையும் வாங்கும் முன் ஒன்றைச் செய்யுங்கள். உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒரு படைப்பின் பக்கத்தைத் திறந்து, நீங்கள் நூறு முறை கேட்ட பதிவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். உங்கள் கருத்தோடு அது ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. நீங்கள் கேட்ட எதையாவது எழுதியவரும் கேட்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம் இருந்தால் போதும். நான் இப்போது எந்தக் கையேட்டை எடுத்தாலும் முதலில் திறப்பது ஷூபர்ட்டின் டி. 960 உள்ள பக்கத்தைத்தான். அந்த ஒன்பது அளவுகளைப் பற்றி ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன்.